கருப்பைவாய்ப் புற்றுநோயில் கால்சியம் சமிக்ஞை: பரவலும் மருத்துவமும்

கருப்பைவாய்ப் புற்றுநோயின் அடிப்படைக் காரணம் மனிதப் பாப்பிலோமா வைரஸ் தொற்று என்பது நிறுவப்பட்ட உண்மை. அவ்வைரசின் இ6, இ7 புரதங்கள் முறையே பி53, ஆர்பி ஆகிய காவல் புரதங்களைச் செயலிழக்கச் செய்கின்றன. ஆயினும், கட்டுப்பாடிழந்த உயிரணு தன் இடத்தை விட்டு எவ்வாறு நகர்கிறது என்னும் வினாவிற்கு இவ்விளக்கம் மட்டும் போதாது. இங்குதான் கால்சியம் அயனி கவனத்திற்குரியதாகிறது.

ஓய்வுநிலை உயிரணுவின் சைட்டோபிளாசத்தில் கால்சியத்தின் செறிவு ஏறத்தாழ 100 நானோமோலார். உயிரணுவிற்கு வெளியே அது ஏறத்தாழ 10,000 மடங்கு மிகுதி. எண்டோபிளாச வலைப்பின்னலில் கால்சிய இருப்பு குறையும்போது, அதன் சவ்விலுள்ள ஸ்டிம்1 புரதம் அக்குறைவை உணர்ந்து, உயிரணுச் சவ்விலுள்ள ஓராய்1 கால்வாயைத் திறக்கிறது. வெளியிலிருந்து கால்சியம் உட்புகுகிறது.

தைவான் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கநிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோயாளர்களுள் 71 விழுக்காட்டினரின் கட்டித் திசுவில் ஸ்டிம்1 மிகுந்து காணப்பட்டது. உட்புகும் கால்சியம் கால்பெயின், பிஒய்கே2 ஆகிய நொதிகளைத் தூண்டுகிறது. அதனால் உயிரணுவைத் தளத்தோடு பிணைக்கும் ஒட்டுப்புள்ளிகள் அவிழ்ந்து, முன்னே புதிதாக அமைகின்றன, உயிரணு நகர்கிறது. எஸ்கேஎஃப்-96365, 2-ஏபிபி ஆகிய தடுப்பான்களால் இவ்வுட்புகுதலை அடைத்தபோது நகர்வு குன்றியது.

எனவே இத்தடுப்பான்களையே மருந்தென முன்மொழிந்துவிடலாமா? அவசரம் தகாது. கதிர்வீச்சோடு இணைத்து வழங்கப்படும் சிஸ்பிளாட்டின், டிஎன்ஏவைச் சிதைப்பதோடு நில்லாமல், ஹீலா உயிரணுக்களினுள் கால்சியத்தை உயர்த்துகிறது. அவ்வுயர்வு கால்பெயினைத் தூண்டி, திட்டமிட்ட உயிரணு இறப்பிற்கு இட்டுச்செல்கிறது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில் 2-ஏபிபி இந்த இறப்பைத் தடுத்தது. அதாவது, பரவலைக் குறைத்த அதே சேர்மம் இங்கே மருந்தின் வலிமையையும் குறைக்கிறது. கால்பெயின் இரு வழிகளிலும் இடம்பெறுவது தற்செயலன்று. கால்சியம் எவ்வளவு, எவ்வளவு நேரம் உயர்ந்திருக்கிறது என்பதே உயிரணு நகருமா, மடியுமா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

2-ஏபிபி ஒரு தூய கருவியுமன்று. குறைந்த செறிவில் ஓராய் கால்வாயின் ஓட்டத்தை மிகுவிக்கும் அது, உயர்செறிவில் அதனை அடைக்கிறது. ஐபி3 ஏற்பிகளையும் தடுக்கிறது. அதனைக் கொண்டு பெற்ற முடிவுகளை ஓராய்1 மீது மட்டும் ஏற்றிக் கூறுவது பொருந்தாது. மேலும், ஹீலா 1951இல் ஒரே நோயாளியிடமிருந்து பெறப்பட்ட உயிரணு வரிசை; அதிலுள்ளது 18ஆம் வகை வைரஸ். நோயாளர்களிடம் மிகுதியாகக் காணப்படுவதோ 16ஆம் வகை.

ஆகவே, ஓராய்1ஐ மட்டும் தெரிந்து தடுக்கும் சேர்மங்களை, சிஸ்பிளாட்டினுக்கு முன், உடன், பின் என மூன்று வரிசைகளில் 16, 18 ஆகிய இருவகை வைரஸ் கொண்ட உயிரணுக்களிலும் ஒப்பிட்டு ஆராய வேண்டும். அவ்வாய்வில் நகர்வையும் இறப்பையும் ஒருசேர அளப்பது இன்றியமையாதது.