முல்லைப் பெரியாறு அணையின் வலுவூட்டல்

முல்லைப் பெரியாறு அணை என்பது மேற்குத் தொடர்ச்சி மலையில், கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில் பெரியாற்றின் குறுக்கே அமைந்துள்ள கற்கட்டு அணை ஆகும். இதனை இயக்கிப் பராமரிப்பது தமிழ்நாடு அரசு. மேற்கு நோக்கி ஓடும் ஆற்றின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திருப்பப்பட்டுத் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கை அடைகிறது. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்கள் இதனால் பயன்பெறுகின்றன. நிலநடுக்கப் பொறியியல் வளர்வதற்கு முன்பே கட்டப்பட்டதால் இவ்வணையின் பாதுகாப்பு நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது.

கட்டுமானம்

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கிலேய அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. பொறியாளர் ஜான் பென்னிகுவிக் தலைமையில் 1887 இல் தொடங்கிய பணி 1895 இல் நிறைவுற்றது. முதன்மை அணையின் நீளம் 1200 அடி. அதன் முகப்புகள் கற்களால் ஆனவை. உட்பகுதி சுண்ணாம்பும் செங்கற்பொடியும் (சுர்க்கி) கலந்த காரைக் கட்டு ஆகும்.

நிலநடுக்கத்தின் விளைவு

இது ஈர்ப்பு அணை வகையைச் சேர்ந்தது. அதாவது, நீரின் பக்கவாட்டு அழுத்தத்தைத் தன் எடையால் தாங்கி நிற்கிறது. நில அதிர்வின்போது அணையின் எடையே பக்கவாட்டில் விசையாக மாறுகிறது. நீரும் கூடுதல் அழுத்தம் தருகிறது. அப்போது நீர்ப்பக்க அடிப்பகுதியில் இழுவிசை தோன்றலாம். காரைக்கட்டு அமுக்கத்தை நன்கு தாங்கும். இழுவிசையைத் தாங்கும் திறன் அதற்கு மிகக் குறைவு. கசியும் நீர் சுண்ணாம்பைக் கரைத்துச் செல்வதும் கட்டை மெலிவிக்கும். 2002 ஆம் ஆண்டின் இந்திய நிலநடுக்க வரைபடத்தில் இப்பகுதி மூன்றாம் மண்டலத்தில் இருந்தது. 2000 டிசம்பரில் இடுக்கி, கோட்டயம் பகுதியில் சுமார் 5 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது.

வலுவூட்டல் பணிகள்

1979 ஆகத்தில் குசராத்தின் மச்சு அணை உடைந்ததையடுத்து அச்சம் பெருகியது. அவ்வாண்டு நடுவண் நீர் ஆணையம் ஆய்வு செய்தபின் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பின்னர் மூன்று பணிகள் மேற்கொள்ளப்பட்டன.

1. அணையின் உச்சியில் வலுவூட்டிய கற்காரை மூடி அமைத்து எடை கூட்டப்பட்டது.
2. உச்சியிலிருந்து அடிப்பாறை வரை துளையிட்டு எஃகு வடங்கள் செலுத்தி இறுக்கப்பட்டன. இம்முறை 1934 இல் அல்சீரியாவின் செர்ஃபா அணையில் கையாளப்பட்டதாகும்.
3. அணையின் பின்புறத்தில் கற்காரை முட்டு கட்டி இணைக்கப்பட்டது.

இம்மூன்றின் அடிப்படையும் ஒன்றே: பழைய அணையை மேலும் அழுத்தி நிறுத்தி, இழுவிசை தோன்றாமல் காப்பது.

வழக்குகள்

2006 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் நீர்மட்டத்தை 142 அடியாக உயர்த்த அனுமதித்தது. கேரளம் சட்டத் திருத்தம் மூலம் அதனைத் தடுத்தது. நீதிபதி ஏ. எசு. ஆனந்த் தலைமையிலான குழு ஆராய்ந்து 2012 இல் அறிக்கை அளித்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது எனத் தீர்ப்பளித்து, 142 அடியை உறுதிசெய்தது. கண்காணிப்புக் குழுவையும் அமைத்தது. அவ்வாண்டு நவம்பரில் நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது.

அணைக்குக் கீழே பெரியாற்றங்கரையில் வாழும் மக்களின் பாதுகாப்பு கருதிக் கேரளம் புதிய அணை கோருகிறது. துணை அணையையும் வலுப்படுத்தி, முழுக் கொள்ளளவான 152 அடிக்கு நீரைத் தேக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டின் நிலைப்பாடு. ஒரு பக்கம் உயிர் அச்சமும் மறுபக்கம் கம்பம் பள்ளத்தாக்கின் நெல் வயல்களும் இருப்பதால், பொறியியல் விடை மட்டும் இச்சிக்கலை முடித்துவைக்கவில்லை.