நிறமும் ஒரு முகவரியே!

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் முன்னோர் வாக்கு. மனிதருக்குப் பொருந்தும் இச்சொல் ஒரு நிறுவனத்திற்கும் பொருந்துமா? பொருந்தும் என்பதே எங்கள் விடை. ஒரு நிறுவனம் அனுப்பும் கடிதமும், விலைப்பட்டியலும், பில்லும் அதன் ஆடைகள் அன்றோ? அவற்றிற்கு ஒரே நிறவரிசையைக் கணிப்பொறியில் அமைத்துக் கொள்ளும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

நிறத்தைக் கொண்டு ஆளை அறிவது கடற்கரை மக்களாகிய நமக்குப் புதிதன்று. 2008 நவம்பரில் மும்பையில் நடந்த தாக்குதலுக்குப் பின்னர், கடலில் வரும் மீன்பிடிப் படகு எந்த மாநிலத்தது என்று தொலைவிலேயே தெரியும்படி, மாநிலத்திற்கு ஒரு நிறம் வகுக்கப்பட்டது. ராமேசுவரம் விசைப்படகின் பக்கத்தில் எழுதியுள்ள 'ஐ.என்.டி. - டி.என். - 10' என்னும் எழுத்தை அருகில் சென்றால்தான் படிக்கலாம். நிறமோ முன்னதாகவே செய்தி சொல்லிவிடும். பாரத ஸ்டேட் வங்கியின் நீல வட்டச் சின்னமும் அத்தகையதே. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத் வரைந்த அச்சின்னம் 1971 முதல் வழக்கில் உள்ளது. எழுத்தறியாத பாட்டியும் அந்த நீலத்தைக் கண்டு "நம்ம பேங்க்" என்று சொல்லிவிடுவார்.

எங்களில் சிலருடைய தாய்மார் பாம்பன் பக்கத்தில் பனையோலைப் பெட்டி முடையும் மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றில் இருக்கிறார்கள். அவர்களுடைய விலைப்பட்டியல் ஓரிடத்திலும், பில் வேறோரிடத்திலும் தட்டச்சாயின. ஒன்றில் பச்சைத் தலைப்பு, மற்றொன்றில் ஊதாத் தலைப்பு. விலைகளோ மஞ்சள் எழுத்தில்! வெளியூர்க் கடைக்காரர் ஒருவர் இரண்டும் ஒரே குழுவினுடையவைதாமா என்று ஐயுற்று, விசாரித்து முடிக்கும்வரை பணத்தை நிறுத்தி வைத்தார். ஓலை வாங்கக் கடன்பட்டவர்களுக்கு அந்தத் தாமதம் சிறிய துன்பமா? ஆகவேதான் கணிப்பொறி வகுப்பில் கற்ற இம்முறையை அவர்களுக்குச் செய்து கொடுத்தோம்.

மைக்ரோசாப்ட் ஆபீஸ் தொகுப்பில் 2007-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் 'தீம்' என்னும் வசதி உள்ளது. ஒரு தீமில் நிறங்களுக்கு மொத்தம் 12 கட்டங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் 4. தலைப்பு, அட்டவணை, வரைபடம் ஆகியவற்றை அழகுசெய்யும் 'ஆக்சென்ட்' நிறங்கள் 6. இணைய இணைப்புகளுக்கு 2.

செய்முறை எளிது. வேர்டில் 'டிசைன்' பகுதிக்குச் சென்று 'கலர்ஸ்' பொத்தானை அழுத்தி, பட்டியலின் அடியிலுள்ள 'கஸ்டமைஸ் கலர்ஸ்' என்பதைத் தெரிந்தெடுக்க வேண்டும். எக்செலில் 'கலர்ஸ்' பொத்தான் 'பேஜ் லேஅவுட்' பகுதியில் இருக்கும். 12 கட்டங்களும் தோன்றும். மாற்ற வேண்டிய கட்டத்தில் 'மோர் கலர்ஸ்' என்பதைத் திறந்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிற்கும் 0 முதல் 255 வரை எண் தரவேண்டும். இம்மூன்றின் கலப்பால் 1,67,77,216 நிறங்கள் பிறக்கின்றன! கண்மதிப்பாக நிறம் பொறுக்காமல் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால், எவர் எங்கே செய்தாலும் அதே நிறம் அமையும். குழுவுக்காக நாங்கள் கடல் நீலத்திற்கு 0, 51, 102 என்றும், கருப்பட்டி நிறத்திற்கு 139, 69, 19 என்றும், மஞ்சளுக்கு 255, 204, 0 என்றும் எண்களைக் குறித்தோம். இறுதியில் ஒரு பெயரிட்டுச் 'சேவ்' செய்தால் நிறவரிசை ஆயத்தம்.

இங்கே தோழியர் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். எழுத்துக்கு நிறம் இடும்போது 'தீம் கலர்ஸ்' வரிசையிலிருந்தே எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால், நாளை தீமை மாற்றும்போது அந்த எழுத்துகளும் தாமே மாறிவிடும். 'ஸ்டாண்டர்டு கலர்ஸ்' வரிசையிலிருந்து எடுத்த நிறமோ மாறாமல் நின்றுவிடும். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் திருத்த நேரும்.

வேறொரு கணிப்பொறிக்கும் இவ்வமைப்பு வேண்டுமானால், 'தீம்ஸ்' பட்டியலில் 'சேவ் கரண்ட் தீம்' என்பதை அழுத்தினால் தனிக் கோப்பு ஒன்று கிடைக்கும். அதைப் பென்டிரைவில் கொண்டுபோய், அங்கே 'பிரௌஸ் ஃபார் தீம்ஸ்' வழியாகத் திறக்கலாம். நிறங்களோடு எழுத்துருக்களும் உடன் செல்லும்.

அழகு மட்டும் போதுமா? படிக்கவும் வேண்டுமே! எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டை அளக்க உலக வலை அமைப்பு ஓர் அளவுகோல் வகுத்துள்ளது. வெள்ளையில் கறுப்பு 21 மடங்கு, அதுவே உச்சம். சாதாரண எழுத்துக்கு 4.5 மடங்காவது வேண்டும். எங்கள் கடல் நீலம் வெள்ளைத் தாளில் 12 மடங்குக்கு மேல். மஞ்சளோ ஏறக்குறைய 1.5 மடங்குதான்! ஆகையால் மஞ்சளைக் கரைக்கோட்டுக்கு வைத்து, எழுத்துக்கு நீலத்தைக் கொண்டோம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோரும் நம்மிடையே உள்ளனர். எனவே லாபம் பச்சை, நட்டம் சிவப்பு என்று நிறத்தால் மட்டும் உணர்த்தாமல், சொல்லையும் உடன் எழுதுவது நலம். தாளை ஒருமுறை கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்துப் பார்த்தால் எழுத்தின் தெளிவு விளங்கிவிடும்.

இப்போது குழுவின் கடிதம், பில், விலைப்பட்டியல் யாவும் ஒரே நிறத்தில் செல்கின்றன. பெட்டி முடைவதில் அவர்களுக்கு நாங்கள் கற்பிக்க ஒன்றுமில்லை. ஓலைக்குச் சாயம் ஏற்றும்போது எந்த நிறத்தருகே எந்த நிறம் எடுப்பாக நிற்கும் என்பதை அவர்களே எங்களுக்குக் கற்பித்தார்கள். எண்களை மட்டுமே நாங்கள் சேர்த்தோம். அன்புத் தோழியரே! உங்கள் இல்லத்திலும் தெருவிலும் சிறுதொழில் செய்வோர் இருப்பின், ஒரு மணி நேரம் ஒதுக்கி இவ்வுதவியைச் செய்து கொடுங்கள். கற்ற கல்வி பிறர் கைக்குப் பயன்படும்போது அதன் இன்பமே தனி!

- பத்தாம் வகுப்பு மாணவியர்