வில்லிபுத்தூருக்குத் திரும்பிய மாலை

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் இடையே ஏழு மைல் தூரந்தான். ஒன்று பெரியாழ்வாரும் ஆண்டாளும் அவதரித்த தமிழ்த் தலம். மற்றொன்று, விஜயநகர, நாயக்கர் காலங்களில் ஆந்திர தேசத்திலிருந்து தெற்கே வந்த ராஜாக்கள் குடியேறி, இன்றளவும் வீட்டில் தெலுங்கு பேசும் ஊர். 1949-ல் ஸ்ரீ பி. எஸ். குமாரசாமி ராஜாவைச் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக அளித்த ஊர் என்றும், தமது இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்கு அவர் ஈந்த ஊர் என்றும் தேசபக்தர்கள் அதனை அறிவார்கள். அவ்வூரிற் பிறந்த பன்மொழிப் புலவர் ஸ்ரீ மு. கு. ஜகந்நாத ராஜாவை (1933–2008) அறிந்தவர்களோ மிகச் சிலர். இது நமக்குப் பெருமை தரும் விஷயமன்று.

வீட்டிலே தெலுங்கு, வெளியிலே தமிழ் என்று இரு பாஷைகளுடன் வளர்ந்தவர் அவர். அதனோடு நின்றிருந்தாலும் குறை சொல்வாரில்லை. ஆனால் ஸம்ஸ்கிருதம், பிராகிருதம், பாலி ஆகிய பழம் பாஷைகளையும் கற்றுத் தேர்ந்து, அவற்றின் செல்வங்களைத் தமிழுக்குக் கொணர்வதையே வாழ்நாள் தொண்டாகக் கொண்டார். தமிழ்ப் பழம்பாடல்களைத் தெலுங்கிலும் ஆக்கினார். கொண்டு வந்ததற்குக் கொடுத்தும் வந்தார் எனலாம்.

அவர் செய்தவற்றுள் நாம் முதன்மையாகக் கருதுவது ஆமுக்தமால்யதாவின் தமிழாக்கம். 1509 முதல் 1529 வரை அரசு புரிந்த கிருஷ்ணதேவராயர் தெலுங்கிற் பாடிய மகாகாவியம் அது. கலிங்கப் படையெடுப்பின்போது, கிருஷ்ணா நதிக்கரை ஸ்ரீகாகுளத்தில் ஆந்திர விஷ்ணு கனவில் தோன்றி, ஆண்டாளின் திருமணக் கதையைத் தெலுங்கில் பாடுமாறு பணித்ததாக அரசரே நூல் முகப்பிற் கூறுகிறார். நூலின் பெயர்ப் பொருளே ‘சூடிய மாலையை அளித்தவள்’ என்பதுதான். நம் சூடிக்கொடுத்த நாச்சியாரின் திருப்பெயர் வேறு உடையில் நிற்கிறது. கதை நிகழும் ஊர் வில்லிபுத்தூர். விஷ்ணுசித்தர் என்று வருபவர் பெரியாழ்வார். ஆளவந்தார் தம் மகனுக்கு உரைக்கும் ராஜநீதியும் இதில் உண்டு; பேரரசர் ஒருவர் தம் அநுபவத்தையே அங்கு எழுதியிருக்கிறார் என்று படிப்போர் உணர்வர். தாழ்ந்த குலத்து அடியவன் ஒருவன் தன் இசையின் பயனால் ஒரு பிரம்மராக்ஷசனின் சாபத்தைப் போக்கும் மாலதாசரி சரித்திரமும் உண்டு. நம்மூரில் அவனை நம்பாடுவான் என்கிறோம்.

இத்தகைய நூல், கதை நடந்த தேசத்தின் மொழியில் இல்லாதிருப்பது முறையாகுமா? ஆனால் எளிதில் தமிழாக்கக்கூடியதும் அன்று. நீண்ட ஸம்ஸ்கிருதத் தொடர்கள் மலிந்த அதன் நடை தெலுங்கர்களையே திணறச் செய்வது. வில்லிபுத்தூருக்கு அண்டை வீட்டார் ஒருவரே அந்தச் சுமையைத் தோளில் ஏற்றது பொருத்தமே. சாகித்திய அகாதெமி தன் மொழிபெயர்ப்புப் பரிசை அவருக்கு அளித்தது.

சாதவாகன மன்னன் ஹாலன் தொகுத்த பிராகிருத காதா சப்தசதியையும் அவர் தமிழாக்கி, ‘ஆந்திர நாட்டு அகநானூறு’ என்று பெயரிட்டார். பாட்டுக்கள் எழுநூறாயிற்றே, மொழியும் தெலுங்கு அன்றே என்று ஆக்ஷேபிப்போர் இருக்கலாம். நமக்கு அப்பெயர் பிடித்திருக்கிறது. சிற்றூர்க் காதலையும் களவையும் ஊடலையும் பாடும் நூல் இது என்று தமிழன் ஒரு சொல்லில் அறிந்துகொள்கிறான்; முன்னுரை பத்துப் பக்கம் எழுதினாலும் இது கைகூடாது.

இவ்விடத்தில் அயர்லாந்தை நினைக்கிறோம். நம் தேசியப் பத்திரிகைகள் அந்நாட்டை ஒரு காலத்தில் ஓயாது எடுத்துக்காட்டின. ஐரிஷ் பாஷை இயக்கத்தின் பத்திரிகையை 1903 முதல் 1909 வரை நடத்திய பாட்ரிக் பியர்ஸ், 1916 ஈஸ்டர் புரட்சிக்குப் பின் சுட்டுக் கொல்லப்பட்டார். 1922-ல் சுதந்திர ராஜ்யம் அமைந்தபின், அந்த அரசாங்கம் ஐரிஷ் நூல்களை வெளியிடத் தனி இலாகாவே ஏற்படுத்தி, எழுத்தாளர்களுக்குக் கூலி கொடுத்து மொழிபெயர்க்கச் செய்தது. நோக்கம் உயர்ந்ததே. ஆனால் பெயர்க்கப்பட்டவற்றுள் பெரும்பாலன ஆங்கில நாவல்கள்! ஐரிஷ் வாசிக்கத் தெரிந்தவர் அநேகமாக எல்லோரும் ஆங்கிலமும் வாசிக்கத் தெரிந்தவரே. டானிகால் பிரதேசத்துப் பெரும் படைப்பாளி ஷோசவ் மாக் கிரியன்னா (1900–1990), ஸ்காட்டின் ஐவன்ஹோவையும் கான்ராடின் கதைகளையும் பெயர்த்துத் தம் இளமையைச் செலவிட்டார். அவருடைய சொந்த நாவல் ஒன்று முப்பதாண்டுகளுக்கு மேல் கிடந்து, 1969-ல்தான் அச்சேறியது. அதற்கு வெகு முன்பே தம் எழுத்தின் ஊற்று வற்றிவிட்டதென்று எழுதிவிட்டார்.

ஆட்சி செய்த பாஷையிலிருந்து எடுப்பது வேறு. அண்டையிலுள்ள உடன்பிறந்த பாஷையிலிருந்து எடுப்பது வேறு. ஜகந்நாத ராஜா இரண்டாவது வழியிற் சென்றார். நம்மவரோ இன்றும் தெலுங்கு நூலொன்றை ஆங்கிலத்தின் வாயிலாகப் பெற்று மகிழ்கின்றனர். நேரே கொணர வல்லவர் அருகிவருகின்றனர். வீட்டில் தெலுங்கு பேசியும் அதன் எழுத்தை அறியாத இளைஞர் தென்பாண்டிச் சீமையில் ஏராளம். பிராகிருதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை.

சர்க்காரும் சர்வகலாசாலைகளும் அவருடைய தமிழாக்கங்களை ஒருசேர, மூலத்தோடு, மலிவு விலையில் வெளியிடுதல் வேண்டும். தெலுங்கும் பிராகிருதமும் தமிழ் வழியே கற்க விரும்பும் பத்து மாணவர்களுக்கேனும் உபகாரச் சம்பளம் ஏற்படுத்துதல் வேண்டும். இதற்கெல்லாம் காத்திராமல் இவ்விரு ஊராரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஆடிப்பூரத் தேரன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடும் கூட்டம் நாடறிந்தது. அவ்வுற்சவத்தில் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, ராயரின் பாட்டை இராஜபாளையத்தார் தெலுங்கில் வாசிக்க, ஜகந்நாத ராஜாவின் தமிழை வில்லிபுத்தூரார் வாசிக்கலாம். மேடை முன்பே இருக்கிறது, செலவும் சொற்பமே.