டேலி ஆகாத புரோட்டான்!

மாதக் கடைசி. ஆபீஸில் எல்லோரும் கிளம்பியாகிவிட்டது. அக்கவுன்டன்ட் மட்டும் லெட்ஜரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூன்று பேர் கொடுத்த பணத்தைக் கூட்டினால் நூறு ரூபாய் வர வேண்டும். முப்பதுதான் வருகிறது.

"மீதி எழுபது எங்கேய்யா போச்சு?"

இதே கேள்வியை இயற்பியல்காரர்கள் 1988-லிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் லெட்ஜரின் பெயர் புரோட்டான்.

எல்லா அணுக்களின் மையத்திலும் இருக்கிற சமாசாரம் அது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் துண்டாக்கி, அதில் ஒன்றை மறுபடி பத்து லட்சம் துண்டாக்கினால் என்ன வருமோ, ஏறக்குறைய அந்த சைஸ். இத்தனூண்டு ஆசாமிக்குப் பம்பரம் மாதிரி ஒரு 'ஸ்பின்' உண்டு. (பம்பரம் என்பது நம் வசதிக்குச் சொல்வது, நிஜத்தில் கயிறும் இல்லை, ஆணியும் இல்லை.) இந்த ஸ்பின்னின் அளவு எப்போதும் ½. கூடாது, குறையாது.

நமக்கென்ன என்கிறீர்களா? ஸ்பின் இருப்பதால்தான் புரோட்டான் ஒரு குட்டிக் காந்தம். உங்களை எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுக்கவைத்து 'டொக் டொக்' என்று சத்தம் போட்டுப் படம் எடுக்கிறார்களே, அது உங்கள் உடம்புத் தண்ணீரில் உள்ள புரோட்டான்களின் ஸ்பின்னைத் தட்டித்தான். தட்டத் தெரிந்துவிட்டது. அது எங்கிருந்து வருகிறது என்பதில்தான் தகராறு.

முதல் சந்தேகத்தைக் கிளப்பியவர் ஓட்டோ ஸ்டெர்ன். 1933-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் புரோட்டானின் காந்த வலுவை அளந்தார். 1 வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் இரண்டரைக்குப் பக்கமாக வந்தது. (இன்றைய கணக்குப்படி 2.79.) அதே வருஷம் நாஜிகள் ஆட்சிக்கு வர, யூதரான ஸ்டெர்ன் நாட்டைவிட்டே கிளம்ப வேண்டியதாயிற்று. 1943-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அவர் சொன்ன சேதி தெளிவு: புரோட்டான் ஒற்றை ஆள் இல்லை, உள்ளே குடித்தனம் இருக்கிறது!

குடியிருப்பவர்கள் குவார்க்குகள் என்று 1964-ல் கெல்-மானும் ஸ்வைகும் தனித்தனியாகச் சொன்னார்கள். மூன்று பேர், ஆளுக்கு ½ ஸ்பின். இரண்டு நேராக, ஒன்று தலைகீழாக. ½ + ½ − ½ = ½. கணக்கு டேலி! எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

1988-ல் ஜெனீவா சேர்ன் ஆய்வுக்கூடத்திலிருந்து குண்டு விழுந்தது. மியூவான் துகள்களை மோதவிட்டுப் பார்த்ததில் குவார்க்குகளின் பங்கு ரொம்பச் சொற்பம். அளவீட்டுப் பிழையைச் சேர்த்துப் பார்த்தால் பூஜ்யமாகக்கூட இருக்கலாம்! 'ஸ்பின் நெருக்கடி' என்று இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

சரி, வீட்டுக்குள் என்னதான் நடக்கிறது? டார்ச் அடித்துப் பார்த்துவிட வேண்டியதுதான். ஆனால் சாதா டார்ச் போதாது. ஒளித் துகளான போட்டானுக்கும் ஸ்பின் உண்டு; திருகாணி மாதிரி சிலது வலம் சுற்றும், சிலது இடம் சுற்றும். பல்பு வெளிச்சத்தில் எல்லாம் கலந்துகட்டி வரும். ஒரே மாதிரி சுற்றுபவற்றை மட்டும் அனுப்பினால் அதுதான் 'போலரைஸ்' ஆன கற்றை.

இதில் பேர்போன ஊர், அச்சுக்கலையைக் கொடுத்த கூட்டன்பர்க்கின் ஊரான மைன்ஸ். அங்கே பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரான்களை விரட்டி ஒரு மெல்லிய தகட்டில் மோதவிடுவார்கள். பிரேக் அடித்த எலெக்ட்ரான் ஒரு போட்டானைக் கக்கும். எலெக்ட்ரானின் ஸ்பின்னை முன்கூட்டியே வரிசைப்படுத்தியிருந்தால் போட்டான் திருகாணியாக வரும். தகட்டுக்குப் பதில் வைரத்தை வைத்தால், சுற்றாமல் ஒரே வாட்டத்தில் ஆடிக்கொண்டு வரும். (வைரத்துக்கு நகைக்கடைக்கு வெளியேயும் வேலை இருக்கிறது, கவனிக்க.) போட்டானின் சக்தி எவ்வளவு? கையில் கொண்டுவந்த பணத்தில் மிச்சத்தைக் கழித்தால் செலவு. எலெக்ட்ரானிடமும் அதே கணக்குத்தான்.

எதிரே குறி. பியூட்டனால் என்ற ஆல்கஹாலை உறையவைத்து, அதன் புரோட்டான்களை எல்லாம் ஒரே திசையில் 'அட்டென்ஷன்' நிற்கவைக்கிறார்கள். கலைந்துவிடாமலிருக்க மைனஸ் 273 டிகிரியை ஒட்டிய குளிர். சிதறி வருவதைப் பிடிக்கச் சுற்றிலும் 672 படிகங்கள் கொண்ட 'கிறிஸ்டல் பால்' என்ற உருண்டை. ஜோசியம் பார்க்க அல்ல.

போட்டானும் புரோட்டானும் ஒரே பக்கம் சுற்றினால் ஒரு விளைவு, எதிர்ப்பக்கம் என்றால் வேறு. ஒரே பக்கமாக, சரியான சக்தியில் போட்டான் வந்தால் புரோட்டான் அதை ஆசையாக விழுங்குகிறது. உள்ளே குப்புறக் கிடந்த குவார்க் நிமிர்ந்து உட்கார, ஸ்பின் ½-லிருந்து 1½ ஆகிவிடுகிறது!

இந்த இரண்டு விதமான விழுங்கலுக்கும் உள்ள வித்தியாசத்தை, ஒவ்வொரு சக்திக்கும் உரிய விகிதத்தில் கூட்டினால் என்ன வர வேண்டும் என்று ரஷ்யாவில் கெராசிமோவும் அமெரிக்காவில் ட்ரெல், ஹெர்ன் இருவரும் 1966-லேயே கணக்குப் போட்டிருந்தார்கள். ஸ்டெர்ன் கண்ட அந்த விநோதக் காந்த வலுவிலிருந்தே விடை வந்துவிடும்: சுமார் 204 மைக்ரோபார்ன். மைன்ஸிலும் பானிலும் அளந்தார்கள். பிழை வரம்புக்குள் பொருந்தியது!

ஆக, கூட்டுத்தொகை சரி. யார் யார் எவ்வளவு போட்டார்கள் என்பதில்தான் இழுபறி. இன்றைய நிலவரப்படி குவார்க்குகளின் ஸ்பின் சுமார் 30 சதவீதம். குவார்க்குகளை ஒட்டவைக்கும் குளுவான்களும் மொய் எழுதியிருக்கின்றன என்று 2014-ல் அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் தகவல்களிலிருந்து தெரிந்தது. மீதி, எல்லோரும் உள்ளே ஓடியாடுவதால் வருவது. இதைப் பைசா சுத்தமாகப் பிரித்துச் சொல்ல ப்ரூக்ஹேவனிலேயே ஒரு புது மோதல் எந்திரத்துக்கான வேலை நடக்கிறது.

எடைக் கணக்கு இன்னும் மோசம். மூன்று குவார்க்குகளின் சொந்த எடை, புரோட்டான் எடையில் வெறும் 1 சதவீதம். நீங்கள் 65 கிலோ என்றால் அதில் சரக்கு என்று சொல்லத்தக்கது முக்கால் கிலோவுக்கும் கம்மி. மற்றதெல்லாம் உள்ளே நடக்கும் ஓட்டமும் பிணைப்பும்தான்.

இதை அக்கவுன்டன்டிடம் சொன்னால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொல்வார்:

"அப்படிப் போடு! என் எழுபது ரூபாயும் போக்குவரத்துச் செலவுதான்யா!"