பொற்கோயிலுக்குப் போகிறீர்களா?

அமிர்தசரஸ் பொற்கோயிலில் ஆணோ பெண்ணோ, தலையை மூடாமல் உள்ளே போக முடியாது. துணி எடுத்து வர மறந்தாலும் பரவாயில்லை, வாசலிலேயே கிடைக்கும். பீடி, சிகரெட் மட்டும் பையில் இருக்கவே கூடாது. செருப்பைக் காசு வாங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். வாசலில் ஓடும் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுப் படியிறங்க வேண்டும். ஆமாம், இந்தக் கோயிலுக்கு ஏறிப் போவதில்லை, இறங்கித்தான் போகிறோம்!

ஊரை உருவாக்கியவர் சீக்கியர்களின் நான்காம் குரு ராம்தாஸ். அவர் மகன் குரு அர்ஜன் குளத்தின் நடுவே கோயிலை எழுப்பி, 1604-இல் புனித நூலை அங்கே வைத்தார். தங்கத் தகடு வேய்ந்தது மகாராஜா ரஞ்சித் சிங் காலத்தில்.

லங்கர் எனும் பொதுப் பந்தியைத் தவறவிடாதீர்கள். இரவு பகல் என்று பார்க்காமல் நடக்கிறது. எந்த ஊர், என்ன மதம் என்று யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் தரையில்தான் இடம். ரொட்டி, பருப்பு, பெரும்பாலும் கீர். ரொட்டியை இரு கைகளையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும். சாப்பிட்டபின் பாத்திரம் தேய்க்கும் வரிசையில் நீங்களும் சேர்ந்துகொள்ளலாம்.

இரவில் புனித நூலைப் பல்லக்கில் எதிரே உள்ள அகால் தக்து எனும் கட்டடத்துக்கு எடுத்துச் செல்வார்கள். விடியுமுன் திரும்பக் கொண்டுவருவார்கள். ஒரு பகல் மட்டும் தங்குகிறவர்கள் இதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். ஜாலியன்வாலா பாக் நினைவிடமும் கோயிலிலிருந்து சில நிமிட நடைதான்.