முறத்தில் தணலைப் போட்டுப் பருப்பு வறுத்தார்கள்… தெரியுமா?

பெக்கான் பருப்பை இனிப்புப் பூரணத்தில் போட்டுச் சுடும் ‘பெக்கான் பை’ (pie) முக்கால் மணி நேரம் ஓவனில் வெந்தாலும், உள்ளே மூழ்கிக் கிடக்கும் பருப்பு வறுபடுவதே இல்லை, தெரியுமா? மேலே மிதப்பது மட்டும்தான் சிவக்கும்! ஓவன் சூடு 175 டிகிரி செல்சியஸ் இருக்கட்டுமே, சிரப்பும் முட்டையும் சேர்ந்த ஈரப் பூரணம் 100 டிகிரியைத் தாண்டாது. பருப்பைச் சிவக்கவைத்து மணக்கவைக்கும் மெய்லார்டு வினை மும்முரமாக நடக்கவோ 140 டிகிரியாவது வேண்டும். பிரெஞ்சு விஞ்ஞானி லூயி கமில் மெய்லார்டு 1912-லேயே இந்த வினையை விவரித்துவிட்டார். ஆக, பூரணத்தில் சேர்க்கும் முன்பே வறுத்தாக வேண்டும். எதில் வறுப்பது? அங்கேதான் அதிசயம்!

அமெரிக்காவின் நெவாடா பக்கத்து பையூட், ஷோஷோனி பழங்குடிகள் பைன் பருப்பை முறத்தில் வறுத்தார்கள்! வில்லோ குச்சிகளால் முடைந்த, தீப்பட்டால் எரிந்துவிடக்கூடிய முறம். அதில் பருப்பைப் போட்டு, அதன் மேலேயே கனன்றுகொண்டிருக்கும் தணலையும் அள்ளிப் போடுவார்கள். அப்புறம் கை ஓயக்கூடாது. புடைத்துக்கொண்டே, சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தணல் ஓரிடத்தில் தங்கினால் முறம் பொசுங்கிவிடும். தங்க விடமாட்டார்கள்! பருப்பு வறுபடும், சாம்பல் பறக்கும், முறம் தப்பிவிடும். வாணலி இல்லை, கரண்டி இல்லை, எல்லாம் கைப்பழக்கம். வறுக்கும் கலையில் இதை மிஞ்சிய ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நம்மூர் தள்ளுவண்டியில் வேர்க்கடலை மணலில் வறுபடுவதைப் பார்த்திருப்பீர்கள். சீனாவில் செஸ்ட்நட்டுக்கும் சுடுமணல்தான். சுற்றிலும் ஒரே சூடு என்பதால் ஒருபுறம் கருகி மறுபுறம் பச்சையாக நிற்காது. ஆனால் ஓடு நீக்கிய பருப்பை மணலில் போட்டால் பல்லில் நெறநெறக்குமே? கல்லுப்பு இருக்கிறதே! கனத்த வாணலியில் உப்பைச் சூடாக்கி, அதில் முந்திரியையோ வால்நட்டையோ போட்டுக் கிளறிச் சலித்தெடுங்கள். உப்பு உருக 801 டிகிரி வேண்டும், நம் அடுப்பில் அது அசையாது. ஒட்டிக்கொண்ட துளி உப்பு பையின் தித்திப்பைத் தூக்கிக் காட்டும்!

மைக்ரோவேவிலும் வறுக்கலாம். தட்டில் பரப்பி, நிமிடத்துக்கு ஒருமுறை கிளற வேண்டும். நிறம் அவ்வளவாக மாறாது, அதனால் கண்ணை நம்பாமல் மூக்கை நம்புங்கள்.

இன்னொன்று தெரியுமா? பெக்கானில் 70 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு! அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் உள்சூட்டில் வறுபட்டுக்கொண்டே போகும். மணம் எழுந்ததுமே குளிர்ந்த தட்டில் கொட்டிப் பரப்பிவிடுங்கள், நன்றாக ஆறிய பிறகே பூரணத்தில் சேருங்கள்.