மிம்பர்மேடையும் மறைவிளக்கமும்

ஜும்ஆவுக்காகப் பள்ளிவாசலில் கூடுவோருள் அரபுமொழியில் திருமறையைப் பொருளுணர்ந்து ஓதவல்லார் சிலரே. ஏனையோர்க்கு ஆலிமின் பிரசங்கமே மறைஞானத்தின் வாயிலாகும். எனவே, அவர் ஒரு வசனத்தை அணுகும் முறையே கேட்போர் உள்ளத்தில் அச்சம் விளைவதோ, நம்பிக்கை மலர்வதோ என்பதை முடிவு செய்கிறது.

திருமறையின் 6ஆவது அத்தியாயம் 82ஆவது வசனம், தம் ஈமானுடன் அநீதியைக் கலந்துவிடாதவர்களுக்கே அபயமுண்டு என அறிவிக்கின்றது. இவ்வசனம் அருளப்பெற்றபோது ஸஹாபாப் பெருமக்கள் கலங்கினர். தமக்குத்தாமே அநீதி இழைத்துக்கொள்ளாதவர் எவருளர் என வினவினர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், லுக்மான் (அலை) தம் மைந்தருக்கு உரைத்த உபதேசத்தை நினைவூட்டினார்கள். 31ஆவது அத்தியாயத்திலுள்ள அவ்வுபதேசம், இணைவைத்தலை மாபெரும் அநீதி என்கிறது. இங்கே குறிக்கப்பெறும் அநீதியும் அதுவே எனத் தெளிவுபடுத்தினார்கள். இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது.

ஒற்றைச் சொல்லை மட்டும் பற்றிக்கொண்டு பேசுபவர், பிழைசெய்து வருந்தும் எளியவனை இறையருளில் நம்பிக்கை இழக்கச் செய்துவிடக் கூடும். வசனத்தை வசனத்தால் விளக்குபவரோ, தவ்ஹீதை வலியுறுத்துவதோடு அவனைத் தவ்பாவின்பால் அழைக்கவும் செய்வார்.

2ஆவது அத்தியாயம் 195ஆவது வசனத்தையும் நோக்குக. நம்மை நாமே அழிவில் ஆழ்த்திக்கொள்ளலாகாது என்னும் அதன் நடுப்பகுதியை மட்டும் எடுத்தால், தன்னுயிரையும் தன்னலத்தையும் பேணுக என்பதோடு பிரசங்கம் நின்றுவிடும். ஆனால், வசனத்தின் தொடக்கம் இறைவழியில் செலவிடுமாறு பணிக்கிறது. முடிவு நன்மை செய்யுமாறு ஏவுகிறது. இது பொருளைச் செலவிடுவது குறித்தே இறங்கியது என ஹுதைஃபா (ரலி) அவர்கள் கூறியதை இமாம் புகாரி பதிவுசெய்துள்ளார். அதனை அறிந்த ஆலிம், ஏழைக்கு ஈயாது மூடிய கையே அழிவுக்கு வழி என எடுத்துரைப்பார்.

மறைக்கு மறையாலேயே விளக்கம் காண்க, அடுத்து ஸுன்னாவிலும், அதன்பின் ஸஹாபாக்களின் சொற்களிலும் தேடுக என்பது, ஹிஜ்ரி 774இல் (கி.பி. 1373) மறைந்த இமாம் இப்னு கஸீர் (ரஹ்) தம் தஃப்ஸீரின் முன்னுரையில் வகுத்த முறையாகும்.

கேட்கும் நமக்கும் இதில் பங்குண்டு. தமிழ்த் தர்ஜுமாக்கள் இன்று பல இல்லங்களில் உள்ளன. பிரசங்கத்தில் கேட்ட வசனத்தை வீட்டில் எடுத்து, அதன் முன்னும் பின்னும் உள்ளவற்றையும் படிப்போமாக; ஐயமெழின் ஆலிமையே பணிவுடன் வினவுவோமாக. வல்ல அல்லாஹ் நம்மனைவர்க்கும் தன் மறையின் தெளிவை நல்கியருள்வானாக! ஆமீன்.